ஓங்கி அடிக்கும் இளைஞன்

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் யாழ்ப்பாண நகரத்துக்குத் தனியொரு களை வந்துவிடும். மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையில் 1904 ஆம் ஆண்டிலே தொடங்கிய கிறிக்கெற் போட்டி, 'வடக்கின் பெருஞ்சமர்' என்னும் பெயருடன், மத்திய கல்லூரி மைதானத்திலே மூன்று நாட்கள் நடைபெறும். போர்க்காலத்தில் சில ஆண்டுகள் அது நடைபெறாமற் போனதுண்டு. எனினும் வழக்கம் அற்றுப்போகவில்லை. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் குடியேறிவிட்ட பழைய மாணவர்கள்கூட அந்த மூன்று நாட்களுக்கென்றே விமானம் ஏறி வருவர். மேளமும் குழலும் முழங்கும், கொடிகள் அசையும், பேரனும் பாட்டனும் ஒரே கட்சியாய் அமர்ந்து கூச்சலிடுவர்.

அத்தகைய ஒரு நாளிலே, ஏழாவதாகவோ எட்டாவதாகவோ ஆட வந்த மாணவன் ஒருவன், முன்காலை எடுத்து வைத்து, வந்த பந்தை ஓங்கி அடிக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். பந்து எல்லைக் கோட்டையும் மதிலையும் தாண்டித் தெருவிலே விழுகின்றது. மைதானமே எழுந்து நிற்கின்றது. "இவன் கொழும்பிலை விளையாட வேண்டிய பிள்ளை" என்று பெரியவர் ஒருவர் தீர்ப்புக் கூறுகின்றார். அடுத்த பந்தும் அவ்வழியே போகின்றது. அதற்கு அடுத்த பந்து சற்றே மெதுவாக, சற்றே மேலெழுந்து வருகின்றது. பையன் அதற்கும் அதே வீச்சை வீசுகின்றான். நடு விக்கெற் சாய்கின்றது. "விசர் அடி அடிக்கிறான்" என்பது அதே பெரியவரின் இரண்டாவது தீர்ப்பு. இரண்டு தீர்ப்புகளுக்கும் இடையிலே கழிந்த நேரம் ஐந்து நிமிடத்துக்கு மேல் இராது.

பார்க்க வந்தவருக்கு இது போதும். அவர் பணம் கொடுத்தது மகிழ்வதற்காகவே. ஆனால், அந்தப் பையனைப் பற்றி உண்மையாகவே ஒரு முடிவு சொல்ல வேண்டியவர்களும் அக்கூட்டத்தில் இருக்கிறார்கள். அவனுடைய பயிற்றுநர் ஒருவர். அவனுடைய தந்தையார் ஒருவர். சில வேளைகளில் கொழும்புக் கழகமொன்றிலிருந்து வந்து ஒரு மூலையில் அமர்ந்திருப்பவர் ஒருவர். பையனுக்கு வயது 17 அல்லது 18. உயர்தரப் பரீட்சை அடுத்த ஆண்டிலே காத்திருக்கின்றது. ஓங்கி அடிக்கும் இந்தக் கை ஒரு வாழ்க்கையைத் தாங்கவல்லதா, அல்லது ஊர்த் திருவிழாவின் வாணவேடிக்கை மாத்திரமா? யாழ்ப்பாணத்திலே இக்கேள்விக்கு விடை கூறுவது வேறிடங்களைக் காட்டிலும் கடினமானது. ஏன் கடினமானது என்பதை ஆராய்வதற்கு முன்னர், இக்கேள்வியையே தொழிலாகக் கொண்ட ஒரு கூட்டத்தாரைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வது நலம்.

அமெரிக்க நாட்டின் பேஸ்போல் ஆட்டம் இலங்கை மக்களுக்கு முற்றிலும் அந்நியமானதன்று. நீண்ட மூங்கிற் கழியால் பந்தை அடித்துவிட்டு, நான்கு நிலைகளைச் சுற்றி ஓடிவரும் 'எல்லே' ஆட்டத்தைப் பாடசாலை மைதானத்தில் ஆடியவர்களுக்கு அதன் அமைப்பு எளிதில் விளங்கும். அடிப்பவனுக்கு மூன்று வாய்ப்புகள் என்பதும் இரண்டுக்கும் பொதுவே. ஆனால் பேஸ்போலில் எறிபவன் 60 அடி 6 அங்குல தூரத்தில் நின்று, அடிப்பவனை ஏமாற்றுவதையே நோக்கமாகக் கொண்டு, முழு வலிமையோடு எறிகின்றான். விரைந்த எறி ஒன்று ஏறத்தாழ 0.4 விநாடியில் வந்து சேரும். அந்தப் பந்தை எல்லை வேலிக்கு அப்பால் அனுப்பக்கூடிய இளைஞர்களைத் தேடி ஊர் ஊராக அலைவதற்கென்றே அந்நாட்டு அணிகள் ஆட்களை அமர்த்தியிருக்கின்றன. சோளக் கொல்லைகளின் நடுவிலுள்ள பாடசாலை மைதானங்களிலே, மரப்படிகளில் அமர்ந்து, குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருப்பவர்கள் அவர்கள்.

அவர்கள் இளைஞனொருவனை ஐந்து வகையாகப் பிரித்துப் பார்க்கின்றனர். பந்தைத் தவறாது தொடும் ஆற்றல், தொலைவுக்கு அடிக்கும் ஆற்றல், ஓட்டம், பந்து தடுத்தல், எறிதல் என்பன அவை. ஒவ்வொன்றுக்கும் 20 முதல் 80 வரை புள்ளி இடுவர். 50 என்பது பெருந்தொழிற் சங்கத்திலே ஆடும் சராசரி ஆட்டக்காரனின் அளவு. இந்தப் புள்ளிக் கணக்கிலே ஒரு நுட்பம் இருக்கின்றது. தொலைவுக்கு அடிக்கும் ஆற்றலுக்கு மாத்திரம் அவர்கள் இரண்டு புள்ளிகள் வழங்குவதுண்டு. ஒன்று, அவனுடைய உடம்பிலே இயல்பாய் உள்ள வலிமைக்கு. மற்றையது, உண்மையான ஆட்டத்திலே அவ்வலிமையில் எவ்வளவு வெளிப்படுகின்றது என்பதற்கு. முதலாவதிலே 80 பெறுபவன் இரண்டாவதிலே 30 பெறக்கூடும். ஆட்டம் தொடங்குமுன் நடைபெறும் பயிற்சியிலே, வாகாய் எறியப்படும் பந்துகளையெல்லாம் வானுக்கு அனுப்பிவிட்டு, ஆட்டத்திலே வெறுங்கையுடன் திரும்புபவனை 'ஐந்து மணி ஆட்டக்காரன்' என்று அவர்கள் கேலியாகக் கூறுவர். இரவு ஆட்டத்துக்குரிய பயிற்சி மாலை ஐந்து மணிக்கு நடைபெறுவதால் வந்த பெயர் அது. நம்மூர் மைதானங்களிலும் ஐந்து மணி ஆட்டக்காரருக்குக் குறைவில்லை.

வலிமை என்பது முதலில் கண்ணிற் படுவது. ஆகையினாலேதான் அது ஏமாற்றுவது. பந்து பறந்த தூரத்தை யார் வேண்டுமானாலும் அளந்து சொல்லலாம். 2015 ஆம் ஆண்டு தொடக்கம் அமெரிக்கப் பெருமைதானங்கள் அனைத்திலும் பந்து மட்டையை விட்டுப் புறப்படும் வேகத்தை இயந்திரங்களே அளந்து தருகின்றன. ஆனால் அனுபவம் வாய்ந்தவர் அடித்த பந்துகளைப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. அடிக்காமல் விட்ட பந்துகளையே பார்க்கின்றார். தனக்கு எட்டாத பந்தை, எட்டாது என்று அறிந்து, கையை அடக்கிக்கொள்ள அவனுக்கு முடிகின்றதா? வேகமாக வரும் என்று நினைத்த பந்து மெதுவாக வரும்போது அவனுடைய முன்தோள் முன்னதாகவே திறந்துவிடுகின்றதா, அல்லது உடம்பு முன்னே சென்றாலும் கைகள் பின்னே காத்திருக்கின்றனவா? தலை அசையாமல் நிற்கின்றதா? இவை வேலிக்கு அப்பால் விழுந்த பந்திலே எழுதப்பட்டிருப்பதில்லை. வலிமையைப் பயிற்சியினால் ஓரளவு கூட்டலாம். கண்ணின் தீர்ப்பைக் கூட்டுவது மிகக் கடினம் என்பது அத்தொழிலில் ஊறியவர்களின் பொதுவான எண்ணம்.

இனி யாழ்ப்பாணத்துக்குத் திரும்புவோம். இங்கே ஓங்கி அடிக்கும் கை எவ்வாறு வளர்கின்றது? தை மாசியிலே நெல் அறுவடை முடிந்தவுடன் வயல்கள் வெறுமையாகிவிடும். தாள்கள் மிதிபட்டுக் காய்ந்த அந்த நிலமே சிறுவர்களின் முதல் மைதானம். மட்டை இல்லாதவிடத்துத் தென்னம் மட்டையைச் செதுக்கிக்கொள்வர். ஒழுங்கையிலே ஆடுபவனுக்கு இரு பக்கமும் வேலி. அவன் நேரே மேலே அடித்தாலன்றி ஓட்டம் கிடையாது. அயல் வளவுக்குள் விழுந்தால் ஆட்டமிழப்பு என்று சட்டம் செய்துகொள்ளும் ஒழுங்கைகளும் உண்டு. அங்கே வளர்ந்த பையன் அடியை அடக்கவும் கற்றுக்கொள்கிறான். திறமையைத் தேடுபவர் பையனின் வீட்டுக்கு முன்னால் உள்ள ஒழுங்கையை ஒருமுறை எட்டிப் பார்த்தாலே அவனுடைய அடியின் வரலாறு பாதி விளங்கிவிடும்.

அதன் பின்னர் மென்பந்துச் சுற்றுப்போட்டிகள் வருகின்றன. குடாநாட்டிலே சனசமூக நிலையமும் விளையாட்டுக் கழகமும் இல்லாத கிராமம் அரிது. அவை நடத்தும் மென்பந்தாட்டத்திலே, ஒரு சில ஓவர்களுக்குள் அடிக்கக்கூடியதையெல்லாம் அடித்துவிட வேண்டும். அங்கே பெயர் எடுப்பவன் பெரும்பாலும் ஓங்கி அடிப்பவனே. ஆனால் மென்பந்தின் நிறை 60 கிராமுக்கும் குறைவு. கடினபந்தோ ஏறத்தாழ 160 கிராம். மென்பந்தை மணிக்கட்டின் சுழற்சியினால் மாத்திரம் அனுப்பிவிடலாம். அது நிலத்திலே பட்டு உயர எழும். காற்றிலே வளைவது குறைவு. உடம்பிலே பட்டாலும் பெரிதாய் வலிக்காது. ஆகவே பின்காலை விலக்கிக்கொண்டு, குறுக்கே வீசுவதற்கு அஞ்சவேண்டியதில்லை. கடினபந்து இப்பழக்கங்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கணக்குத் தீர்க்கும். மென்பந்திலே பத்துச் சிக்ஸர் அடித்தான் என்னும் செய்தியை அறிக்கையில் எழுதலாம். ஆனால் அதற்குக் கொடுக்கவேண்டிய புள்ளி மிகச் சிறியது.

ஆடுகளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. யாழ்ப்பாணப் பாடசாலைகளின் மாணவர் நெடுங்காலமாகக் கயிற்றுப் பாய் விரித்த ஆடுகளத்திலேயே ஆடி வளர்ந்தவர்கள். பாயிலே பந்து நம்பத்தக்க உயரத்துக்கு எழும். அந்த நம்பிக்கையிலே, பந்து எழும் வேளையிலேயே அதை அடித்துவிடுவது அவர்களுக்குக் கைவந்த கலை. கொழும்பின் புற்றரை ஆடுகளத்திலோ, முதல் நாள் காலையில் பந்து வழுக்கிக்கொண்டு வரும். மூன்றாம் நாள் மாலையில் தாழ்ந்து வரும், திரும்பியும் வரும். யாழ்ப்பாணத்துப் பையன் அங்கே சென்று இரண்டு ஆட்டங்களில் தோற்றுவிட்டால், "வடக்கிலே அடித்தவன் இங்கே அடிக்கமாட்டான்" என்று முடிவு கட்டிவிடுதல் எளிது. அது அவன் ஆற்றலைப் பற்றிய முடிவு அன்று. அவன் மிதித்த தரையைப் பற்றிய முடிவு. இரண்டையும் பிரித்தறியாதவர் திறமை தேடும் தொழிலுக்கு வராமலிருப்பதே நன்று.

காற்றையும் மறக்கலாகாது. பண்ணைக் கடலின் ஓரமாய் அமைந்த நகரம் இது. சோளகக் காற்று வீசும் மாதங்களிலே காற்றோடு போகும் பந்து தானாகவே இருபது முழம் கூடுதலாகப் போகும். எதிர்த்து அடித்த பந்து பிடியாக முடியும். ஒரே பையன் ஒரே வலிமையுடன் அடித்த இரண்டு பந்துகளில் ஒன்று அவனை வீரனாக்கும். மற்றையது அவனைப் பந்தலுக்கு அனுப்பும். மைதானத்தின் எந்த முனையிலிருந்து அடித்தான் என்பதைக் குறித்துக்கொள்ளாத அறிக்கை அரை அறிக்கையே.

இவ்வளவையும் கழித்த பின்னரும் பெருங்கழிவு ஒன்று எஞ்சியிருக்கின்றது. அவனுக்குப் பந்து வீசியவர்கள் யார்? பாடசாலைப் பருவம் சில மாதங்களுக்குள் முடிந்துவிடும். அதற்குள் அவன் எதிர்கொண்ட பந்துகளில், உண்மையான வேகமோ உண்மையான சுழற்சியோ உள்ள பந்துகள் எத்தனை? பலமற்ற பந்துவீச்சுக்கு எதிராக எடுத்த நூறு ஓட்டங்கள், பையன் வல்லவன் என்பதையும் காட்டா. வல்லவன் அல்லன் என்பதையும் காட்டா. யாழ்ப்பாணத்துத் துடுப்பாட்ட வீரனை எடைபோடும் தராசிலே, ஒரு தட்டில் அவன் நிற்கின்றான்; மற்றைத் தட்டில் வைப்பதற்குப் படிக்கல் இல்லை.

பந்துவீச்சாளனுக்கு இந்தக் குறை இவ்வளவு இல்லை. நல்ல சுழற்பந்து எங்கே வீசினாலும் சுழலும்; எதிரே நிற்பவன் திறமையற்றவனாயினும் அப்பந்தின் தன்மையைப் பார்ப்பவர் அறிவர். 2020 ஆம் ஆண்டு டிசம்பரிலே, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிலிருந்து வந்த விஜயகாந்த் வியாஸ்காந்த், தமது 18 ஆவது வயதில், லங்கா பிரிமியர் லீக் போட்டியிலே யாழ்ப்பாணத்தின் பெயர் தாங்கிய அணிக்காக முதன்முறை பந்து வீசினார். அவர் வீழ்த்திய முதல் விக்கெற், இலங்கையின் முன்னாள் தலைவர் அஞ்சலோ மத்தியூஸ் அவர்களுடையது. 2024 ஆம் ஆண்டிலே இந்தியன் பிரிமியர் லீக்கில் ஐதராபாத் அணிக்காக ஆடும் வாய்ப்பும் அவருக்குக் கிட்டியது. மணிக்கட்டினாற் சுழற்றும் பந்து அவருடையது. அதை அறிந்துகொள்ள மைதானத்தின் ஒரு பக்கத்திலே ஒரு மணி நேரம் நின்றால் போதும். ஓங்கி அடிப்பவனுக்கு அந்த ஒரு மணி நேரம் போதாது. குடாநாட்டிலிருந்து வெளியே பேர்பெற்ற இந்த இளைஞர் துடுப்பாட்ட வீரராயில்லாது பந்துவீச்சாளராக இருப்பது தற்செயல் என்று கொள்வதற்கில்லை.

ஆயினும் சிற்றூரிலே மறைந்து கிடந்த ஓங்கி அடிக்கும் கையைச் சரியாக எடைபோட்ட சம்பவங்களும் உண்டு. அவற்றிலே பேர்போனது அயல்நாட்டிலே நிகழ்ந்தது. பெருநகரங்களுக்கு வெளியே கிடக்கும் திறமையைக் கண்டறிவதற்கென இந்தியக் கிறிக்கெற் கட்டுப்பாட்டுச் சபை ஒரு பிரிவை அமைத்து, அதற்கு டிலிப் வெங்சர்க்காரைத் தலைவராக்கியது. அப்பிரிவின் சார்பிலே 2003 ஆம் ஆண்டில் ஜம்சேட்பூருக்குச் சென்ற முன்னாள் ஆட்டக்காரர் பிரகாஷ் போதார், ராஞ்சியைச் சேர்ந்த விக்கெற் காப்பாளர் ஒருவரைக் கண்டார். நீண்ட முடியும் முரட்டு அடியும் உடைய அந்த இளைஞரே மகேந்திர சிங் தோனி. போதார் அவருடைய அடியின் வலிமையைப் பாராட்டி எழுதினார். நுட்பத்தில் உள்ள குறைகளையும் ஒளிக்காது எழுதினார். அந்தத் திட்டம் 19 வயதுக்கு உட்பட்டோருக்கென அமைந்தது. தோனி அவ்வயதைக் கடந்துவிட்டவர். விதியைச் சற்றே நெகிழ்த்தி அவரை ஏற்றுக்கொண்டனர்.

இதிலே கவனிக்கத்தக்கது கண்டுபிடிப்பு அன்று. அதன் பின் நிகழ்ந்ததே. 2004 டிசம்பரில் சிட்டகொங்கிலே தோனி இந்திய அணிக்காக ஆடிய முதலாவது ஒருநாள் ஆட்டத்தில், ஓட்டம் எதுவும் பெறாமலே ஓடும்போது ஆட்டமிழந்தார். முதல் நான்கு ஆட்டங்களிலும் சேர்த்து அவர் பெற்றது 22 ஓட்டங்கள். பெருஞ்சமரிலே அமர்ந்திருந்த நமது பெரியவர் அங்கே இருந்திருப்பின் தீர்ப்பு எவ்வாறு இருந்திருக்கும் என்று கூறத் தேவையில்லை. ஐந்தாவது ஆட்டம் 2005 ஏப்ரலில் விசாகப்பட்டினத்திலே நடைபெற்றது. மூன்றாவது வீரராக அனுப்பப்பட்ட அவர் பாகிஸ்தானுக்கு எதிராக 148 ஓட்டங்கள் குவித்தார். நான்கு தோல்விகளின் பின்னரும் இன்னொரு வாய்ப்பு, அதுவும் முன்னைய இடத்தைவிட மேலான இடத்தில், ஒருவர் கொடுத்தார் என்பதே இக்கதையின் உயிர்நாடி.

இலங்கையிலேயே இதற்கு ஒப்பான கதை இருக்கின்றது. மாத்தறையிலிருந்து வந்த சனத் ஜயசூரிய, தொடக்க காலத்திலே துடுப்பையும் சிறிது வீசவல்ல இடக்கைச் சுழற்பந்து வீச்சாளராகவே அதிகம் கருதப்பட்டார். அவரைத் தொடக்க வீரராக முன்னே அனுப்பிய பின்னரே 1996 ஆம் ஆண்டின் உலகக் கிண்ணத்தை நாடு கண்டது. அவருடைய அடியை எவரும் மாற்றவில்லை; அது பயன்படும் இடத்தையே மாற்றினர்.

ஓங்கி அடிப்பவனுடன் தோல்வியும் கூடவே வரும் என்பதை அமெரிக்கர் எண்களிலேயே எழுதி வைத்திருக்கின்றனர். றெஜி ஜக்சன் என்பவர் 563 தடவை பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பியவர். மூன்று வாய்ப்புகளையும் தவறவிட்டு 2,597 தடவை வெறுங்கையுடன் திரும்பியவரும் அவரே. அண்மைக் காலத்து உதாரணம் ஆரன் ஜட்ஜ். ஆறடி ஏழங்குல உயரமுள்ள அவர் 2016 ஆகஸ்ட் மாதம் நியூயோர்க் அணிக்கு வந்தார். அவ்வாண்டு 84 முறை மட்டை பிடித்து, அவற்றில் 42 முறை, அதாவது சரிபாதி, பந்தைத் தொடாமலே ஆட்டமிழந்தார். மறு ஆண்டிலே அவர் அடித்த 'ஹோம் ரன்' 52. 2022 ஆம் ஆண்டிலே 62. முதலாண்டின் 42 தோல்விகளையும் கண்டவர்கள், அவர் எந்தப் பந்துக்குத் தோற்றார், ஒரே பந்துக்கு மீண்டும் மீண்டும் தோற்றாரா, குளிர்காலம் கடந்து வரும்போது நிற்கும் நிலையில் மாற்றம் செய்துகொண்டு வந்தாரா என்பவற்றையே கவனித்தனர்.

மிக்கி மான்ரில் என்னும் பெருவீரரும் 1951 ஆம் ஆண்டில், தமது 19 ஆவது வயதிலே, பெரிய அணியிலிருந்து கீழணிக்கு அனுப்பப்பட்டவர். அங்கேயும் அடிக்க இயலாது மனமுடைந்து தந்தைக்கு அறிவித்தபோது, ஒக்லஹோமாச் சுரங்கத்திலே வேலை செய்த அந்தத் தந்தை நேரே வந்து, ஆறுதல் எதுவும் கூறாமல், மகனுடைய துணிமணிகளைப் பெட்டியிலே அடுக்கத் தொடங்கினாராம்: ஆட முடியாதென்றால் சுரங்கத்துக்கு வா என்னும் கருத்து. மகன் பெட்டியைத் திரும்பவும் பிரித்தான். ஆகஸ்ட் மாதத்திலே பெரிய அணிக்கு மீண்டான். மான்ரிலே பிற்காலத்தில் கூறிய கதை இது. தந்தைமார் அனைவரும் பின்பற்றத்தக்க முறை என்று இதைக் கொள்ள வேண்டியதில்லை.

தந்தையரைப் பற்றிப் பேச்சு வந்தமையால், மறுபக்கத்துக் கதையையும் சொல்லியாக வேண்டும். 1980 ஆம் ஆண்டிலே பில்லி பீன் என்ற கலிபோர்னிய இளைஞனைப் பார்த்த திறமை தேடுவோர், ஐந்து ஆற்றலும் ஒருங்கே அமைந்தவன் இவன் என்று வியந்தனர். ஸ்ரான்போட் பல்கலைக்கழகம் அவனுக்குக் கதவைத் திறந்து வைத்திருந்தது. அவன் பல்கலைக்கழகத்தை விட்டு ஆட்டத்தை ஏற்றான். பெரிய சங்கத்திலே அவன் ஆடியவை 148 ஆட்டங்கள். வேலிக்கு அப்பால் அனுப்பியவை மூன்றே மூன்று பந்துகள். 1990 ஆம் ஆண்டில், ஆட்டத்தை விட்டுத் தானே திறமை தேடுபவனாகப் பணியாற்ற விரும்புவதாகக் கேட்டுக்கொண்டான். அவனுடைய உடம்பைப் பார்த்தவர்கள் ஏமாந்தனர். ஒவ்வொரு தோல்வியும் அவனுடைய மனத்தை எவ்வாறு கலக்கியது என்பதை அவர்கள் பார்க்கவில்லை. பின்னர் அணி நிருவாகத்திலே அவர் பெரும்பெயர் பெற்றார் என்பது வேறு கதை.

யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்குப் பில்லி பீனின் கதையை விளக்க வேண்டியதில்லை. அவர்கள் அதைக் கேட்காமலே அறிவர். இங்கே படிப்பு ஒன்றே நெடுங்காலமாகக் குடும்பத்தைக் கரையேற்றிய ஓடம். மகன் உயர்தரப் பரீட்சையைப் பிற்போட்டு வலையிலே பயிற்சி செய்கிறான் என்றால் தாய்க்கு உறக்கம் வராது. அவர்களைக் குறுகிய நோக்கினர் என்று பயிற்றுநர்கள் சிலர் குறைகூறுவதுண்டு, அது நீதியன்று. பாடசாலையை விட்ட பின்னர் முதற்றர ஆட்டம் ஆடுவதற்கு, 400 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கொழும்புக்குச் சென்று, கழகமொன்றிலே இடம் தேடி, வாடகை அறையிலே தங்க வேண்டும். மொழியும் புதிது, ஊரும் புதிது. யாழ்ப்பாணத்தின் பெயர் தாங்கிய அணி 2020, 2021, 2022, 2024 ஆகிய நான்கு ஆண்டுகளிலே லங்கா பிரிமியர் லீக் கிண்ணத்தை வென்றது. அந்நான்கு வெற்றிகளிலும் ஓர் ஆட்டமேனும் யாழ்ப்பாண மண்ணிலே நடைபெறவில்லை. கிண்ணம் ஊரின் பெயரிலே. மைதானம் வேறு ஊரிலே. இந்நிலையிலே, "உங்கள் மகன் பெரிய ஆட்டக்காரன் ஆவான்" என்று ஒருவர் வாய்குளிரச் சொல்லிவிட்டுப் பேருந்து ஏறிப் போய்விடுவது பெரும் பாவம். "இவன் உதவான்" என்று சொல்லிவிட்டுப் போவதும் அதற்குச் சற்றும் குறைந்ததன்று. பெற்றோருக்கு வேண்டியது புகழ்ச்சியுமன்று, இகழ்ச்சியுமன்று. எது தெரிந்தது, எது தெரியவில்லை, தெரியாததை அறிய எத்தனை மாதம் வேண்டும், அதுவரை பையன் எந்தப் பாடத்தையும் கைவிட வேண்டியதில்லை என்று எழுதிக் கையொப்பமிட்ட ஒரு தாள் அவர்களுக்கு வேண்டும்.

அத்தாளிலே வலிமைக்கு ஒரு வரி போதும். மீதி வரிகள் வேறு செய்திகளுக்கு உரியவை. முதல் நாள் எந்தப் பந்துக்கு ஆட்டமிழந்தான். அதே பந்தை இரண்டாம் முறை எவ்வாறு சந்தித்தான். ஆட்டமிழந்து வந்த பின்னர் மைதானத்தைப் பார்த்துக்கொண்டு அமர்ந்தானா, துடுப்பை எறிந்துவிட்டுப் போனானா. தோழன் ஆடும்போது பந்துவீச்சாளனின் கையைக் கவனித்தானா. சொன்ன திருத்தத்தை மறுநாளே மறந்தானா, ஒரு வாரம் பிடிவாதமாய்ப் பழகினானா. ஒரே வருகையிலே இவற்றை எழுத இயலாது. எனவேதான் பேஸ்போல் தேடுவோர் ஒரே இளைஞனைப் பலமுறை சென்று பார்க்கின்றனர். ஒருவர் பார்த்ததை மற்றொருவரும் பார்க்குமாறு செய்கின்றனர்.

2025 செப்டம்பர் மாதத்திலே மண்டைதீவில் சர்வதேசக் கிறிக்கெற் மைதானம் ஒன்றுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அது நல்ல செய்தி. புற்றரை ஆடுகளம் யாழ்ப்பாணத்துப் பையனின் காலடிக்கு வருமாயின் தராசின் பாதிக் குறை தீரும். ஆனால் அரங்கு எழும்வரை காத்திராமல் செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கின்றது. நல்ல வேகப்பந்து வீச்சாளர் ஒருவரும் சுழற்பந்து வீச்சாளர் இருவரும், பாடசாலைப் பருவம் முடிந்த கையோடு, பத்து நாட்களுக்குக் குடாநாட்டுக்கு வந்து தங்கட்டும். ஓங்கி அடிக்கும் பையன்களில் ஐவரையோ அறுவரையோ ஒவ்வொரு மாலையும் அவர்கள் முன் நிறுத்தட்டும். முதல் மாலையிலே பையன்கள் அடிப்பதையோ தவறவிடுவதையோ எவரும் எழுதிக்கொள்ள வேண்டியதில்லை. ஏழாம், எட்டாம் மாலையிலே, முன்னர் ஏமாற்றிய அதே மெதுவான பந்து மீண்டும் வரும்போது, யாருடைய கை அரைக் கணம் காத்திருக்கின்றது என்று மாத்திரம் பார்த்து எழுதிக்கொள்ளட்டும்.